லாலர் வீட்டுப் பக்குவம்

டைனனம்மா கையுறையைக் கழற்றி, வலது கையைத் தூக்கி இறைச்சித் தராசின் மேல் வைத்தாள். தராசு முந்நூற்று நாற்பது கிராம் காட்டியது.

"எடை போட இல்ல தம்பி. சுண்டுவிரலைப் பாரு."

டோனல் லாலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். சுண்டுவிரல் மூட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு மரு.

"இதுக்கு மருந்துக்கடைக்கு இல்ல போகணும்? எம்பொண்டாட்டி ப்ரீடா அங்கதான வேலை பாக்கறா."

"மருந்துக்கடைக்குப் போறவ எதுக்கு இறைச்சிக் கவுண்டர்ல வந்து நிக்கறேன்? வாசல்ல பலகை வெச்சிருக்க இல்ல? 'லாலர் குடும்பத்துப் பக்குவம். மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்தது. டோனலைக் கேளுங்கள்.' வந்து கேக்கறேன். குடு."

எங்கள் பக்கத்தில் பக்குவம் என்றால் இரண்டு. பன்றி விலாவில் உப்பும் பழுப்புச் சர்க்கரையும் தேய்த்துப் பேக்கன் ஆக்குவதும் பக்குவம்தான். மருவுக்கும் அக்கிக்கும் படர்தாமரைக்கும் சில குடும்பங்களில் வழிவழியாக வருகிற கைமருந்தும் பக்குவம்தான். இந்த இரண்டாவது வகைக்குச் சட்டதிட்டம் உண்டு. பக்குவக்காரர் கேட்டு வந்தவரை மறுக்கக் கூடாது, காசு வாங்கக் கூடாது. வந்தவரோ, பக்குவக்காரர் கையிலிருந்து எதை வாங்கினாலும் நன்றி என்ற சொல்லை எடுக்கக் கூடாது, ஆஹா ஓஹோ என்று புகழவும் கூடாது. சொன்னால் பக்குவம் முறிந்துபோகும். நோர் ஆற்றங்கரை நெடுக இது கைக்குழந்தைக்கும் தெரியும். டோனலுக்கும் தெரியும். பலகை எழுதும்போது மட்டும் மறந்துபோயிற்று.

"அது பேக்கனுக்கு உள்ள பக்குவம்மா. தின்றதுக்கு."

"உள்ளவங்க எல்லாம் முதல்ல இப்படித்தான் மழுப்புவாங்க."

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒரு வருஷமா இந்த மருவோட பொறுமையா இருந்திருக்கேன். இப்ப இல்லேங்கறியா? எம்மூஞ்சியைப் பாத்துச் சொல்லு பாப்பம்."

முப்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள் டைனனம்மா. அவள் மூஞ்சியைப் பார்த்து யாரும் இல்லை என்று சொன்னதில்லை. பின்னால் வேறு மூன்று பேர் கூடையோடு நின்றார்கள். டோனல் ஒரு பேக்கன் துண்டின் கொழுப்பு ஓரத்தை நறுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான்.

"இதைத் தேச்சுட்டு மண்ணுல புதைச்சிடுங்க" என்று வாயில் வந்ததைச் சொன்னான். அனுப்பினால் போதும் என்றிருந்தது.

அவள் காசு எடுக்கவில்லை. கதவருகே போனவள் பழக்கதோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்து, சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறினாள்.

"ரொம்ப நன்றிம்மா, மறுபடி வாங்க!" என்று டோனல்தான் சொன்னான்.

நன்றி சொல்வதில் அவனைப் போன்ற தாராளக்காரனை எங்கள் ஊர் ராத்கெல்லனில் பார்க்க முடியாது. ரொட்டி வண்டிக்காரருக்கு நன்றி. சில்லறை சரியாகக் கொடுத்தவருக்கு நன்றி. தவறான எண்ணுக்கு அழைத்தவருக்கும் நன்றி சொல்லித்தான் போனை வைப்பான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு வருஷமாக ஒரு நல்ல வார்த்தை திரும்பி வரவில்லை. பலகை எழுத வேண்டி வந்ததே அதனால்தான்.

லாலர் சூப்பர் மார்க்கெட் ஊருக்கு ஒன்றே ஒன்று. பால், ரொட்டி, கல்லறைக்கு வைக்கிற மெழுகுவத்தி எல்லாம் கிடைக்கும். ஆனால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் காரெடுத்துக்கொண்டு வருவது கடையின் பின்னறையில் தயாராகும் பேக்கனுக்காக. போன வருஷம்வரை அதைச் செய்தவர் டோனலின் அப்பா கிறிஸ்டி. முழங்கால் இரண்டும் போய், வெயில் தேடி ஸ்பெயின்காரர்களின் தீவு ஒன்றுக்குக் குடிபோய்விட்டார். பின்னறைச் சாவி டோனல் கைக்கு வந்தது.

அப்பா செய்ததை அவன் இம்மி பிசகாமல் செய்தான். உப்பு, சர்க்கரை, துளி வெடியுப்பு. கல் மேடையில் பதினாலு நாள். தினம் காலையில் புரட்டல். பிறகு கழுவி, துணி சுற்றி, மூன்று வாரம் கொக்கியில். வாணலியில் போட்டால் நுரையோ தண்ணீரோ விடாமல் தன் கொழுப்பிலேயே பொரிந்து வரும். ஆனால் அப்பா காலத்தில் கவுண்டரில் நின்று, "இந்தத் தடவை மோசமில்ல கிறிஸ்டி" என்பார்கள். எங்கள் ஊரில் அதற்குமேல் பாராட்டே கிடையாது. டோனல் காலத்தில் அதுவும் இல்லை. வாங்கினார்கள், போனார்கள். ஒருநாள் வாசலில் அடுப்பு வைத்துப் பொரித்து எல்லோருக்கும் ருசிக்கக் கொடுத்துப் பார்த்தான். வாயில் போட்டார்கள், கண்ணை மூடினார்கள், மென்றார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை நடந்த ஹர்லிங் மட்டைப்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நடையைக் கட்டினார்கள்.

அக்கா நோரீன்தான் கல்லாவும் கடை நிர்வாகமும். அவளுக்கு அந்தப் பின்னறை மேல் ஒரு கண். கோழி வறுக்கும் இயந்திரம் ஒன்றின் படத்தை ஆறு மாதமாகக் கைப்பையில் வைத்திருந்தாள்.

"டேய், உன்னைக் குறை சொல்லல. நல்லா இல்லேன்னா நம்ம ஊர்க்காரங்க வாயால சொல்ல மாட்டாங்க. பேசாம இருப்பாங்க. பேசாமதான் இருக்காங்க" என்றாள்.

"ப்ரீடா நல்லாருக்குன்னு சொல்றாளே."

"பொண்டாட்டி சொல்றதெல்லாம் கணக்குல வராது. மார்ட்டின் திருநாளுக்குப் புதுப் பன்றி வருது இல்ல? அதுக்குள்ள வெளியாள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், உன் பேக்கன் நல்லாருக்குன்னு சொல்லட்டும். அறை உனக்கு. இல்லேன்னா சாவியை எங்கையில குடு."

டோனல் சரி என்றான். அந்த அறையில் உப்புத் தேய்க்கும் நேரத்தில்தான் தான் ஒரு ஆள் என்று அவனுக்குத் தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை. திருநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. நாலு பேர் விசாரித்தால் நாலு வார்த்தை வரும் என்று பலகை வைத்தான்.

ஒன்பதாம் நாள் டைனனம்மாவின் மரு விழுந்தது.

அவள் கவுண்டருக்கு வந்து சுண்டுவிரலை மட்டும் காற்றில் ஆட்டிக் காட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. அரைக் கிலோ பேக்கன் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

"அது தானா விழுந்திருக்கும்மா!" என்று டோனல் பின்னாலிருந்து கத்தினான். கடையில் நின்ற ஏழு பேர் அதைக் கேட்டார்கள். ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் படர்தாமரை இரண்டு, கண்கட்டி ஒன்று, முழங்கால்வலி நாலு. டோனல் பேக்கன் ஓரம் நறுக்கிக் கொடுத்தே களைத்தான். சாயங்காலம் பலகையை உள்ளே எடுத்து வந்து, விஷயத்தைத் தெளிவாக்கி ஒரு வரி சேர்த்தான்: "இது வாய்க்கு மட்டும்."

காலையில் கடை திறக்கும்போது பல்வலிக்காரர்கள் ஆறு பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"வாய்க்கு மட்டும்னு போட்டது ரொம்ப சௌகரியமாப் போச்சுப்பா. அந்தப் பல் டாக்டர்கிட்ட நாள் வாங்கறதுக்குள்ள பல்லே விழுந்திடுது" என்றார் ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர். "கடிச்சுக்கணுமா, அடக்கிக்கணுமா?"

"சாப்பிடணும்!" என்றான் டோனல். "வறுத்து, முட்டையோட, சாப்பிடணும்!"

"எத்தனை வேளை?"

நோரீன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். "டேய், இலவசமா அறுத்துக் குடுத்தே அரைப் பன்றி போயிடுச்சு. விலை போடு. விலை போட்டா வியாபாரம்னு புரிஞ்சுக்குவாங்க."

நியாயமாகத்தான் இருந்தது. பலகையில் மூன்றாவது வரி ஏறியது: "கிலோ பதினெட்டு யூரோ."

பதினொரு மணிக்குள் ஊர் கொந்தளித்துவிட்டது. பக்குவத்துக்குக் காசு கேட்கிறானாம் லாலர்! அவன் பாட்டன் கல்லறையில் புரண்டிருப்பான்! யாரும் நேரில் வந்து திட்டவில்லை. எங்கள் ஊரில் அது வழக்கமில்லை. பங்குச்சாமியாரை அனுப்பினார்கள்.

கானிஸ் சாமியார் தானியப் பெட்டிகள் இருந்த அலமாரியருகே டோனலை ஓரங்கட்டினார்.

"டோனல், ஆண்டவர் குடுத்த வரத்தைக் கிலோ கணக்குல விக்கலாமா?"

"சாமி, அது வரம் இல்ல. பன்றிக்கறி."

"எதன் மூலமா வேணா வரம் வரும். நாம யாரு கேள்வி கேக்க?"

"பதினெட்டு யூரோ கறிக்கு சாமி. போன வாரமும் நீங்க அதே விலைக்குத்தான் வாங்கினீங்க."

"அது சாப்பாட்டுக்கு. இது வேற." சாமியார் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அது இருக்கட்டும். முதுகுல, இடது பக்கம், அக்கி மாதிரி ஒண்ணு படருது. அதுக்கு ஏதாவது..."

சாமியார் கேட்டு யார் மறுப்பது? டோனல் ஒரு துண்டு மடித்துக் கொடுத்தான். அவர் அதை ஜெபப் புத்தகத்தின் நடுவில் வைத்துக்கொண்டு, நன்றி என்று சொல்லாமல், ஆசீர்வாதம் மட்டும் செய்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் டோனலுக்குப் பொறுமை போயிற்று. பலகையில் இருந்ததை எல்லாம் அழித்தான். பெரிய எழுத்தில் ஒரே வரி எழுதினான்: "இங்கே பக்குவம் கிடையாது."

அதற்குமேல் ஒரு அத்தாட்சி ஊருக்குத் தேவைப்படவில்லை. நிஜப் பக்குவக்காரன் தன்னிடம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான். போலிதானே தம்பட்டம் அடிப்பான்? வாயால் மறுத்தவர்கள் உண்டு. பலகை எழுதி மறுத்தவனை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆகவே இவன் மகா பெரியவன்.

வெள்ளிக்கிழமை காலை வரிசை பாலம்வரை நீண்டிருந்தது. பக்கத்து மாவட்டத்து வண்டிகள். ஊன்றுகோல்கள். ஒரு டிராக்டரின் பின்னால் ஏற்றிவந்த நொண்டிக் குதிரை. வந்தவர்கள் பாலும் ரொட்டியும் தேநீரும் வாங்கியதில் நோரீனால் கல்லாவைவிட்டு எழ முடியவில்லை. ஆனால் அவள் கண் பின்னறைப் பக்கமே இருந்தது.

"இத்தனை பேர்ல யாராவது நல்லாருக்குன்னு சொன்னாங்களா?" என்று கல்லாவிலிருந்தே கேட்டாள்.

"இவங்க எப்படிக்கா சொல்வாங்க? சொல்லக்கூடாதே."

"இவங்க சரி. போன ஒரு வருஷமா?"

அந்தக் கேள்வி டோனலின் நெஞ்சில் தைத்தது. ஒரு வருஷம் கறி சரியில்லை என்று வாயைத் திறக்கவில்லை. இப்போது பக்குவம் என்று வாயைத் திறக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் அவனுக்குக் கிடைத்தது மூடிய வாய்தான்.

அப்பாவுக்குப் போன் போட்டான்.

"அப்பா, ஊரே என்னைப் பக்குவக்காரன்னு நினைச்சுக்கிட்டு வருது."

"நல்லதுதானே. பக்குவம் உங்கிட்டதான இருக்கு" என்றார் கிறிஸ்டி. "இங்க வெயில் முப்பது டிகிரி. செருப்புக் காலோட நடக்கறேன்."

"அந்தப் பக்குவம் இல்லப்பா!"

"வேற எது? தினம் புரட்டறியா? புரட்டு. விட்டுடாதே." போனை வைத்துவிட்டார்.

கடைசி முயற்சியாக டோனல் காலிப் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, வாசலில் அதன் மேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் கேளுங்க! ஏழாவது பிள்ளைக்குப் பிறந்த ஏழாவது பிள்ளைக்குத்தான் பக்குவம் உண்டுன்னு சொல்வாங்க. நான் எங்க வீட்டுக்கு ஒரே பையன். எங்கப்பாவும் ஒரே பையன். எனக்கு எங்கேருந்து வரும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க!"

வரிசை யோசித்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டோனலுக்கு உயிர் வந்தது.

அப்போது டைனனம்மா கேட்டாள். "தம்பி, ப்ரீடா கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பேரு?"

"ப்ரீடா லாலர்" என்றான் யோசிக்காமல். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லாலர்கள் வேறு, இவர்கள் வேறு. ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெயர் மட்டும் ஒன்று.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பேர் மாறாமல் கட்டிக்கொண்ட பெண்ணுக்குக் கக்குவான் இருமலுக்கான பக்குவம் தானாக வந்து சேரும் என்பதும் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குத் தெரிந்த விஷயம்.

"ரெண்டு பேருக்கும் இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். வரிசை நடுவில் பிளந்தது. பாதி அப்படியே நின்றது. மீதிப் பாதி இருமுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைப் பக்கம் ஓடியது.

பத்து நிமிஷத்தில் ப்ரீடா வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றாள்.

"ஏங்க, பத்தொன்பது குழந்தைங்க. எல்லாம் எம்மேலேயே இருமுதுங்க. முதலாளி என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. இருமல் மருந்து ஒரு பாட்டில்கூட விக்கலையாம். என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"உன் பேரைச் சொன்னேன்."

"பேரைத்தான? அதுக்கா இந்தக் கூத்து?" ப்ரீடா அவனைப் பார்த்தாள். கோபப்பட்டவள் சிரித்துவிட்டாள். "சரி, சூடா ஒரு பேக்கன் சாண்ட்விச் போட்டுக் குடுங்க. நான் மட்டும் எத்தனை தடவை வேணாலும் நல்லாருக்குன்னு சொல்வேன்."

டோனல் வாணலியை அடுப்பில் ஏற்றினான். ஒரு வருஷமாக அவள் காலையில் சொல்கிற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அன்றன்றைய உப்பை அவன் தேய்த்தான். அக்கா கணக்கில் வராவிட்டால் என்ன, அவன் கணக்கில் வந்தது.

மார்ட்டின் திருநாள் விடிந்தது. பன்றி வண்டி எட்டு மணிக்கு வரும். நோரீன் எட்டரைக்குச் சாவி கேட்பாள். டோனல் கடைசியாக ஒருமுறை கல்மேடையைக் கழுவித் துடைக்கலாம் என்று சீக்கிரமே வந்து, உள்ளிருந்து பின்கதவைத் திறக்கப் பார்த்தான். கதவு திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான். ஒரு சாண் திறந்ததும் உடம்பை நெளித்து வெளியே வந்தான்.

வெளியே கதவோடு கதவாக ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. அதன் மேல் மூன்று டஜன் முட்டை. அடுப்புக்குப் பிளந்த விறகு ஒரு வண்டி, வரிசையாய் அடுக்கியிருந்தது. கம்பளிக் காலுறைகள் ஏழு ஜோடி. கறுப்புத் திராட்சை ஜாம். பிளம் கேக். ஒரு தகர டப்பாவில் புழுக்கள், மீன் பிடிக்க. சாமியார் வீட்டு ஆப்பிள் போலிருந்த ஆப்பிள் ஒரு கூடை. குதிரைக்காரர் கொண்டுவந்து வைத்ததாகத்தான் இருக்க வேண்டும், ஒரு பெரிய சாக்கு நிறைய எரு. ஒரு அட்டைப்பெட்டியில் உயிரோடு ஒரு நாய்க்குட்டி.

எதிலும் பேர் இல்லை. சீட்டு இல்லை. வாயால் சொல்லக்கூடாததைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

டோனல் படியில் உட்கார்ந்தான். நாய்க்குட்டி அவன் செருப்பைக் கடித்தது. அவனுக்கு அழுகை வந்தது, அழுதான். இவ்வளவு நல்லவர்களா என் ஊர்க்காரர்கள் என்று நினைத்தான். உடனே அடுத்த நினைப்பு வந்தது: இதெல்லாம் மருவுக்கும் அக்கிக்கும்தானே. நான் செய்யாத ஒன்றுக்கு. நான் செய்தது பேக்கன். அதற்கு ஒரு முட்டைகூடக் கிடையாது.

எழுந்து முன்வாசலுக்குப் போனான். அந்த நேரத்துக்கே ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். நோரீன் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"வாசல்ல வெச்சதுக்கெல்லாம் ரொம்ப ரொம்ப நன்றி" என்றான் டோனல். "நாய்க்குட்டி யார் வெச்சதோ, அதுக்கும் நன்றி. நீங்க எனக்கு எதுவும் சொல்ல வேணாம். ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மருவை விடுங்க, பல்லை விடுங்க. போன ஒரு வருஷமா எங்கையால செஞ்ச பேக்கனைச் சாப்பிட்டீங்களே. அது எப்படி இருந்துச்சு?"

யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லா இல்லேன்னாலும் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன். இன்னியோட அந்த அறையைக் குடுத்திடப் போறேன்."

டைனனம்மாவின் முகம் சிவந்தது. அவள் உதட்டைக் கடித்தாள். ஆட்டுப் பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். கானிஸ் சாமியார் வானத்தைப் பார்த்து, "மழை வரும் போலிருக்கு" என்றார். வானம் வெளுத்துக் கிடந்தது.

"பாத்தியா?" என்றாள் நோரீன். ஜெயித்தவள் மாதிரி அவள் சொல்லவில்லை. கைப்பையில் இருந்த கோழிப் படத்தை அவள் வெளியே எடுக்கக்கூட இல்லை. ஆனாலும் பேச்சுப் பேச்சுதான். கையை நீட்டினாள். "சாவியைக் குடு டோனல்."

டோனல் சட்டைப்பையில் கைவிட்டான்.

"டேய், குடுக்காதே, இரு!" என்று ஒரு குரல் வந்தது.

தபால்காரர் ஜார்லத் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வேகமாக வந்தார். அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எனக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் உப்பே ஆகாதுன்னுட்டாரு. உங்கறியை நான் ஒரு துண்டு தின்னதில்ல, பக்குவமும் கேட்டு வந்ததில்ல. அதனால நான் பேசலாம்" என்றார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "பேசட்டுமா?"

கூட்டம் முழுவதும் ஒரே வேகத்தில் தலையாட்டியது. டைனனம்மா இரண்டு கையாலும் அவரைப் பேசச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"என்ன பேசப் போறீங்க?" என்றான் டோனல். சாவி அவன் விரல் நுனியில் தொங்கியது.

"உங்கப்பா தீவுக்குக் கிளம்பற அன்னிக்கு, நீ பின்னால கறி புரட்டிக்கிட்டிருந்தே, பப்புல நாங்க எல்லாரும் இருந்தோம். அவரு எழுந்து நின்னு, 'எம்பக்குவத்தை டோனல் கையில குடுத்துட்டேன்'னு சொல்லிட்டுப் போனாருப்பா. அவருகிட்ட அப்படி ஒண்ணு இருந்ததே அன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அன்னிலேருந்து இவ்ளோ ருசியான பேக்கனைத் தின்னுட்டு உங்கிட்ட நன்றி சொல்லாம இருக்க இந்த ஊர் படற பாடு உனக்கு எங்க தெரியப் போகுது!"